கத்திரி வெயிலில் மெலியும் பிடி

நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் நல்ல கத்தி ஒரு தை மாதம் வீட்டுக்கு வந்தது. ஈட்டி மரப் பிடி. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் மரம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வைகாசி பிறக்கும் நேரத்தில் அதே இடத்தில் நகம் தட்டியது. இரும்பு ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியது. செய்தவருக்கு ஆத்திரமாக ஒரு கடிதம்கூட எழுதினேன். நல்ல வேளையாக அனுப்பவில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்துப் பத்து நாள் கழித்துத் தடவிப் பார்த்தபோது அந்தத் தட்டைக் காணவில்லை.

இரும்பு வளரவும் இல்லை, உள்வாங்கவும் இல்லை. மரம் வெயிலில் மெலிந்து, மழையில் பழையபடி தடித்திருக்கிறது. விலை உயர்ந்த கத்திகளைச் சேகரிக்க நினைப்பவர், அதிலும் காவிரிப் படுகையில் குடியிருப்பவர், முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான். எஃகின் பெயர், செய்தவரின் புகழ், உறையின் தையல் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

பேனாக்கத்தியில் அலகு பிடிக்குள் மடங்கும். நடுவே ஒரு கீல் இருக்கும். நான் பேசுவது மடக்காத கத்தியைப் பற்றி. அதில் கீல் கிடையாது. வெட்டும் அலகும், பிடிக்குள் புகும் அதன் வாலும் ஒரே இரும்புத் துண்டு. நம் வீட்டு அரிவாளும் கறிக்கத்தியும் இந்த இனம்தான். வால் பிடிக்குள் போகும் விதம் இரண்டு. பிடியின் உருவத்திலேயே அகலமாக வந்து, இருபுறமும் மரப்பட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தால் அதை முழுவால் என்று வைத்துக்கொள்வோம். முதுகுப் பக்கமாகப் பார்த்தால் மரம், இரும்பு, மரம் என்று மூன்று அடுக்கு தெரியும். வால் ஒல்லியாகிக் கட்டைக்குள் மறைந்துவிட்டால் அது மறைவால். நம் கொல்லர்கள் செய்து தருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டையின் துளையில் இறக்குவார்கள். துளை தன் அளவுக்குத் தானே கருகி வழிவிடும். அரக்கை உருக்கி ஊற்றி, வாயில் ஒரு பூண் மாட்டினால் வேலை முடிந்தது.

இப்போது மரத்தின் விவகாரத்துக்கு வருவோம். வெட்டி, அறுத்து, இழைத்து, மெருகு போட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. ஒரு கட்டு கோரையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறினால் ஒவ்வொரு கோரையும் பருக்கும், கட்டு தடிக்கும், ஆனால் நீளம் கூடாது. மரத்தின் நார்களும் அப்படியே. ரேகை ஓடும் திசையில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. குறுக்கே மட்டும் விரியும், சுருங்கும். கட்டைக்குள் ஈரம் 1 சதவீதம் கூடினால் குறுக்கு அகலம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும். கோடைக்கும் மழைக்கும் இடையில் 4 சதவீதம் ஈரம் மாறியது என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் அகலப் பிடி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் மாறும். அதே 25 மில்லிமீட்டர் எஃகு, வெப்பம் 15 டிகிரி ஏறினாலும், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குகூட விரியாது. கால் மில்லிமீட்டரை நகம் நன்றாகவே உணரும். என் கடிதத்துக்கான பதில் இந்தக் கணக்கில் இருந்தது.

ஆகையால் முழுவால் கத்தியில் கோடையில் லேசாக நகம் தட்டுவது குறை ஆகாது. பயப்பட வேண்டியது வேறு. மரப்பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி விழுந்தால், அல்லது ரிவிட் ஆணியிலிருந்து ரேகையோடு ஒரு கீறல் ஓடினால், அங்கே மழைக்காலத்தில் ஈரம் புகும். உள்ளே துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது மரத்தை நெம்பும். மறைவால் கத்தியில் நகம் தட்டும் தொல்லை இல்லை, ஏனென்றால் இரும்பு வெளியே தெரிவதே இல்லை. ஆனால் பூண் வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே நடப்பது ஒன்றும் நமக்குத் தெரியாது. ஒரு நாள் பிடி பிளந்த பிறகுதான் தெரியும். எனக்கு மறைவால்தான் பிடிக்கும். கழுவும்போது பூண்வரை நனைக்காமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு நம் பருவநிலையில் அது நன்றாகவே உழைக்கும்.

சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த உலகில் அடிக்கடி காதில் விழும் பெயர் அமெரிக்கரான பாப் லவ்லெஸ். 1929 முதல் 2010 வரை வாழ்ந்தவர். முதுகு மெல்ல இறங்கி முனையைத் தொடும் வேட்டைக்கத்தி வடிவத்தைப் பிரபலப்படுத்தியவர் அவர். முழுவாலைப் பின்பக்கம் போகப்போக மெலிதாக்கிப் பிடியின் கனத்தைக் குறைப்பது அவருடைய பாணி. இப்படிச் செய்தால் கத்தி கையில் முன்னும் பின்னும் இழுக்காமல் நிற்கும். இன்னொருவர் பில் மோரன். 1973இல் பல அடுக்கு எஃகைக் காய்ச்சி அடித்து, நீரோட்டம் போன்ற வரிகளை அலகில் வரவழைத்துக் காட்டி, அமெரிக்காவில் அந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அந்த வரி எஃகைத்தான் இன்று டமாஸ்கஸ் என்று விற்கிறார்கள்.

டமாஸ்கஸ் என்ற பெயரைக் கேட்டால் நாம் கொஞ்சம் உரிமையோடு சிரிக்கலாம். டமாஸ்கஸ் வாள்கள் என்று பழைய உலகம் போற்றியவற்றுக்கு மூலப்பொருள் தென்னிந்திய, இலங்கை மூசை எஃகு, அதாவது மண்குடுவையில் வைத்து உருக்கிய எஃகு. ஐரோப்பியர்கள் அதை வூட்ஸ் என்றார்கள். உருக்கு என்ற நம் சொல்லின், அல்லது கன்னடத்து உக்குவின், சிதைந்த வடிவம் அது என்பது பொதுவான கருத்து. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை வாசித்தார். காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில் உள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் நடத்திய அகழாய்வு, பழைய உலைகளையும் இரும்பு வேலையின் தடயங்களையும் வெளிக்கொணர்ந்தது. ஆனால் அந்த மூசை எஃகின் வரியும் இன்றைய அடுக்கு எஃகின் வரியும் ஒன்றல்ல. முன்னது உருகி மெல்ல ஆறும்போது எஃகுக்குள் தானாகப் படிந்தது. பின்னது மடித்து அடித்து வரவழைத்தது. மலிவு விலைக்கு டமாஸ்கஸ் என்று வருவதைத் தொடக்கக்காரர் வாங்காமல் இருப்பது நல்லது. வரி கண்ணைப் பறிக்கும். பிடி ஒட்டிய லட்சணத்தை மறைத்துவிடும்.

அலகின் எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் எஃகு தீட்ட எளிது, துரு பிடிக்கும். குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் உள்ளது துருவைத் தாங்கும்; அதுவும் உப்புக்காற்றில் முழுதாகத் தப்பாது. வேதாரண்யத்திலோ நாகப்பட்டினத்திலோ கடலோரம் வசிப்பவர் கார்பன் எஃகை வாங்கினால், வாரம் ஒருமுறை அதைத் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். கார்பன் அலகில் ஒரு வாழைப்பூவை நறுக்கிப் பாருங்கள். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அலகு நீலமும் கறுப்புமாகும். அம்மாவுக்கு அது கறை. சேகரிப்பவருக்கு அது துருவைச் சற்றுத் தள்ளிப்போடும் மெல்லிய போர்வை. தேய்த்து எடுக்க மாட்டார்.

பிடிக்கு எந்த மரம் நல்லது என்ற கேள்விக்கு நம் தச்சர்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: வைரம் பாய்ந்த கட்டை. மரத்தின் நடுவே முற்றி இருண்ட பகுதி வைரம். சுற்றிலும் வெளுத்திருப்பது வெளிறு. வெளிறு ஈரத்தை வேகமாகக் குடிக்கும், பூச்சிக்கும் பிடிக்கும். பிடியில் வெளிறு ஒரு கோடாகக் கலந்திருந்தால் அழகுக்காக விட்டிருக்கிறார்கள் என்று விற்பவர் சொல்வார். நம் ஊர் மழைக்கு அந்த அழகு வேண்டாம். ஈட்டி, கருங்காலி, புளிய வைரம், கருவேல வைரம் எல்லாம் பிடிக்கு ஏற்றவை. பனையின் கறுப்பு வைரமும் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அது நாரும் நாருமாக நிற்கும் கட்டை, சிம்பு கிளம்பிக் கையில் ஏறும்.

இந்தப் படுகைக்கே உரிய ஒரு கட்டை உண்டென்றால் அது ஆச்சா. ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் கடைவது இந்த மரத்தில்தான். அந்த நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிய ஆச்சாவை அவர்கள் விரும்புவதில்லை. இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்திரமுமாகப் பல பத்தாண்டு நின்று, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடித் தீர்த்த கட்டையைத் தேடி வாங்குவார்கள். காரணம் நமக்கும் பொருந்தும். ஈரம் ஏறி இறங்கிப் பழகிய பழைய கட்டையில் புதிதாகப் பிளவு விழுவது அரிது. நாட்டின் மிகக் கனமான மரங்களில் ஆச்சாவும் ஒன்று. கத்திப்பிடி அளவுக்கு ஒரு துண்டைக் கையில் எடுத்தால் கல்லைத் தூக்கியது போல இருக்கும்.

மரத்தை விட்டால் கொம்பு. மேல்நாட்டுப் பழைய வேட்டைக்கத்திகள் பலவற்றில் நம் கடமான் கொம்புதான் பிடி. 1990களின் இறுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு அத்தகைய பிடிகளின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் கொம்பு, தந்தம் இரண்டின் வணிகத்தையும் தடுக்கிறது. தானாக உதிர்ந்த கொம்புதானே என்று கோடியக்கரைக் காட்டிலிருந்து புள்ளிமான் கொம்பைப் பொறுக்கி வருவதும் குற்றம்தான். பழைய கத்தி விற்க வருபவர் தந்தப் பிடி என்று குரலைத் தாழ்த்தினால் அந்தக் கத்தியைத் தொடவே வேண்டாம். வளர்ப்பு எருமையின் கொம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை; கோடையில் அது வறண்டு ஏடு ஏடாகக் கிளம்பும், சிறு வண்டுகளும் அரிக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்பவருக்கு மைகார்ட்டா. துணி அல்லது காகித அடுக்குகளைப் பிசினில் நனைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்துப் பலகையாக்கிய பொருள். 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காக உருவாக்கியது. லவ்லெஸ் போன்றவர்கள் அதைக் கத்திக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் எலக்ட்ரிக் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கேட்டால் கிடைப்பது இதன் பங்காளி. ஐப்பசி ஈரத்தில் இது மரம்போல ஆடாது. துணி வகை மைகார்ட்டா, வைத்திருப்பவரின் கை எண்ணெயைக் குடித்து மெல்ல இருண்டுகொண்டே போகும். பச்சை நிறப் பிடி பத்து வருடத்தில் கரும்பச்சை ஆகும். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், பராமரிப்பு முடிந்தது. முதல் கத்தி வாங்குபவருக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன், எனக்கு மரத்தின் மேல் இருக்கும் பைத்தியம் தெளியாவிட்டாலும்.

மரப் பிடி வைத்திருப்பவர் முதலில் செய்யும் தப்பு தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். எண்ணெய்களில் இறுகுவது, இறுகாதது என்று இரு சாதி உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பிசினாக இறுகி மரத்தின் துளைகளை அடைக்கும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் எத்தனை மாதம் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும். பிடி பிசுபிசுக்கும், தூசியை ஈர்க்கும், கடைசியில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவே நிற்பது. பிடிக்கு அதுவும் வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதில் கஞ்சத்தனம்தான் திறமை. இரண்டு சொட்டு, விரலால் தேய்த்து, 15 நிமிடம் விட்டு, மிஞ்சியதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் இன்னொரு முறை. பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாய்ல்டு வகையில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். சமையலில் புழங்கும் கத்திக்கு அது ஆகாது, கலப்பில்லாததை வாங்குங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துக் கொடியில் விரித்துப் போட வேண்டும். ஈட்டி மரத்தின் உள் எண்ணெய் ஆளி எண்ணெயை இறுக விடாது. அதற்குத் தேன்மெழுகு போதும். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு லிக்விட் பாரஃபின், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு மருந்து பதத்தில் வரும். மருந்துக் கடையில் மணமோ மருந்தோ கலக்காத சாதா லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்குங்கள். அலகின் மேல் பூசவும் அதுவே ஆகும்.

எப்போது பூசுவது? பங்குனியில், கத்திரி தொடங்கும் முன் ஒருமுறை. புரட்டாசியில், மழைக்கு முன் ஒருமுறை. நடுவில் கையில் எடுத்துப் புழங்கினாலே போதும். கோடையில் நகம் தட்டுகிறதே என்று உப்புத்தாள் எடுத்து இரும்பை மரத்துக்குச் சமமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. நானும் ஒரு கத்தியில் செய்தேன். ஐப்பசியில் மரம் தடித்து இரும்புக்கு மேலே விளிம்பு கட்டி நின்றது. பேர்பெற்றவர் செய்த கத்தியானால் உப்புத்தாளை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. செய்தவர் கை வைத்த மேற்பரப்பு போனால் சேகரிப்பு மதிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

பிறகு உறை. தோல் உறை கத்தியோடு வருவதால் அதிலேயே வைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தோல், மரத்தைவிட ஆவலாக ஈரம் குடிக்கும். பதனிட்ட பொருள்களின் மிச்சமும் அதில் இருக்கும். கார்த்திகை முழுக்க உறையில் கிடந்த கத்தியை மார்கழியில் உருவினால் அலகில் செம்புள்ளி, பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பு. உறை வெளியே கொண்டுபோக மட்டும். வீட்டில் கத்தியைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். நெற்களஞ்சியத்தில் இருப்பதாலோ என்னவோ, அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அரிசி மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். தவிட்டுத் தூசி பிடியின் துளைகளில் ஏறி உட்காரும்.

ஆயுத பூஜை மழைக்கு முன்வாசலில் வருகிறது. கார்பன் அலகில் ஈரச் சந்தனமும் குங்குமமும் இட்டு இரவெல்லாம் விட்டால், விஜயதசமியன்று அந்தப் பொட்டு வட்டமான துருவாகப் பதிந்திருக்கும். வெளுத்த மரப் பிடியில் குங்குமச் சாயம் இறங்கினால் வெளியே வராது. எங்கள் வீட்டில் கத்திகளை வாழை இலையில் அடுக்கி இலைக்குப் பொட்டு வைக்கிறோம். சரஸ்வதி இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும், வீடு, விவசாயம், தொழில் போன்ற உபயோகத்துக்கென்று செய்யப்படாத, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதம் என்று கணக்கிடுகின்றன. சேகரிப்பு பெட்டிக்குள் இருக்கட்டும். நண்பருக்குக் காட்ட இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினால் காவலருக்கு லவ்லெஸ் யாரென்று விளக்க நேரம் இருக்காது. வாங்கிய ரசீதைக் கத்தியோடு வைத்திருங்கள். பின்னால் விற்கும்போதும் அது பேசும்.

என் ஈட்டிப் பிடிக் கத்திக்கு இப்போது பதினோரு வயது. அடுத்து ஒரு மறைவால் கத்திக்குப் பிடி போட, இடித்த வீட்டு ஆச்சாத் தூணில் ஒரு துண்டு வாங்கிப் பரணில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் கட்டையின் மேலேயே எழுதுகிறேன். எடை நிலைகொண்டால் கட்டை அறைக் காற்றோடு சமரசம் ஆகிவிட்டது என்று பொருள். ஆவணியில் 538 கிராம், புரட்டாசியில் 538. அறுக்கலாம் என்று கொல்லரிடம் சொல்லி வைத்தேன். கார்த்திகையில் 544 காட்டியது. தை வரட்டும் என்று மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன்.